பிரிட்டிஷ் ஹாங்காங் மூலிகைக் கடை: எடை சரி, காவல் இல்லை

எடை போடுவதில் பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஹாங்காங்கின் சீன மூலிகைக் கடைகளைக் குறை சொல்ல முடியாது. சுவரை அடைத்து நிற்கும் இழுப்பறைகள், கையில் சிறு தூக்குக்கோல், ஒரு வேளைக் கஷாயத்துக்கு ஒரு தாள் பொட்டலம். கணக்கு சியென், லியாங் என்ற சீன எடைகளில். ஹாங்காங் சியென் சுமார் 3.78 கிராம், பத்து சியென் ஒரு லியாங். வைத்தியர் சீட்டில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் அளவு பத்து மடங்கு.

சோதித்துப் பார்க்க வேண்டிய சரக்கு சுவான்வூ; மூட்டுவலிக்கு வாங்கும், நாபி என்ற நச்சுச் செடியின் இனக் கிழங்கு. பச்சையாக ஆகாது. ஊறவைத்து 4 முதல் 6 மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பெரிய கிழங்கை வெட்டினால் நடுவில் வெள்ளை இருக்கக் கூடாது. நாக்கில் லேசாக மரத்தால் போதும். அந்தக் கொதியில்தான் கிழங்கிலுள்ள அகோனிட்டைன் என்ற நஞ்சு சிதைந்து வீரியம் இழக்கிறது. இப்படிச் சுத்தி செய்த, அதாவது நச்சு குறையப் பக்குவப்படுத்திய, கிழங்குக்கே சீன அரசின் மருந்து நூல் தரும் அளவு 1.5 முதல் 3 கிராம். ஒரு சியென் போட்டாலே எல்லை தாண்டிவிடும்! கொதி குறைந்தாலும், சாராயத்தில் ஊறப்போட்டுக் குடித்தாலும் வாயும் விரல்களும் மரக்கும், வாந்தி வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். முறிவு மருந்து கிடையாது. சீட்டில் பெயருக்கு முன்னால் 'ஜி' என்றிருந்தால் சுத்தி செய்தது, 'ஷெங்' என்றால் பச்சை. இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை வாங்கக் கூடாது.

சட்டத்துக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர மனமில்லை. நச்சுப் பொருள் சட்டம் மேற்கத்திய மருந்துக் கடையைக் குறிவைத்தது. சீன வைத்தியமும் மூலிகைச் சரக்கும் பெரும்பாலும் விலக்கில் நின்றன. சீனர் வழக்கத்தில் கைவைக்க வேண்டாம் என்பது ஆட்சியின் பழைய போக்கு. மரியாதை என்றும் சொல்லலாம், சோம்பல் என்றும் சொல்லலாம். எப்படியானாலும், இழுப்பறையில் கிடப்பது பெயருக்குரிய சரக்குதானா என்று பார்க்க ஆளில்லை.

1989-இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. லோங்தான்சாவ் என்ற மூலிகை எனக் கொடுத்த சரக்கு உண்மையில் குய்ஜியு என்ற நச்சு மூலிகை. இரண்டுமே மெல்லிய வேர்க் கொத்து. காய்ந்தபின் பிரித்தறிவது கடினம். குய்ஜியுவிலுள்ள பொடோபிலின் என்ற நஞ்சு உட்கொண்டவர்களின் மூளையையும் நரம்புகளையும் தாக்கியது. அந்த ஆண்டே அரசு ஆய்வுக் குழு அமைத்தது. சீன மருத்துவச் சட்டம் வந்ததோ 1999-இல், பிரிட்டிஷார் போய் இரண்டு ஆண்டு கழித்து. பச்சை நாபி, பச்சை எட்டிக்கொட்டை, பச்சை நேர்வாளம், ஊமத்தம்பூ, பாஷாணம் என 31 சரக்குகள் நச்சுப் பட்டியலில் ஏறின. பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டில்லாமல் அவற்றைக் கொடுக்கக் கூடாது என்றானது.