வில் செய்ய மூங்கில், ரீப்பர்: சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கத்துக் கடை ஒன்று

மூங்கில் வாங்கப் போவதென்றால் தாராளமாகப் போகலாம். மரம் அறுத்து வாங்கப் போவதென்றால் மிஷின் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். சென்னை பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் சின்ன மரக்கடை. கொஞ்சம் திட்டவும் போவதால் பெயர் வேண்டாம்.

வீட்டிலேயே லேமினேட் வில் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மெல்லிய ரீப்பர்களை எபாக்ஸி போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, எய்கிறவருக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்கும் பக்கத்தில் மூங்கில் பிளாச்சு வைப்போம். நாணை இழுக்கும்போது அந்தப் பக்கம்தான் இழுபடும், நம்மைப் பார்த்த பக்கம் நசுங்கும். மூங்கிலின் பலமான நார் தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும், அதனால் உள்பக்கத்தை மட்டும்தான் இழைக்க வேண்டும். கடையில் இருக்கும் பெரியவருக்கு இது நான் சொல்லாமலே தெரிந்திருந்தது. "தோலைத் தொடாதீங்க தம்பி, கணுவையும் ரொம்பச் சீவிடாதீங்க" என்றார். பருமனான மூங்கிலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், பருமன் கூடினால்தான் பிளாச்சு ஓரளவு தட்டையாக வரும். தேய்பிறையில் வெட்டியது, உளுக்காது என்றும் சொன்னார். நம்புவது உங்கள் இஷ்டம், இதுவரை மாவு கொட்டவில்லை.

தேக்கு ரீப்பர்தான் தலைவலி. ஒரு நூல் கனத்தில் கேட்டேன், அதாவது 3 மில்லிமீட்டர் சொச்சம். வந்ததில் ஒரு முனை சரியாக இருந்தது, மறுமுனை கையால் தடவினாலே தடிப்புத் தெரிந்தது. கேட்டால் "கதவுக்கு இது போதும் சார்" என்கிறார்கள். கதவுக்குப் போதும்தான், ஆனால் வில்லின் விறைப்பு கனத்தின் மும்மடியில் ஏறும், மொத்தக் கனம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், அப்புறம் வில்லின் ஒரு கை வளையும், இன்னொரு கை முறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு நூலில் வாங்கி வீட்டில் இழைத்துக்கொள்வதே நல்லது. கட்டுக்கு நடுவில் ரேகை சாய்ந்து ஓரத்தில் வெளியேறுகிற ரீப்பர் ஒன்றைச் செருகியிருந்தார்கள், முறிந்தால் அங்கேதான் முறியும். மாற்றித் தந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

பசைக்கு அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கதவு, அலமாரிக்குப் போடும் வெள்ளைப் பசையை எடுத்து நீட்டுவார்கள். விடாத இழுவையில் அது மெல்ல நழுவும். அரால்டைட் ஸ்டாண்டர்ட் மாதிரி நிதானமாக இறுகுகிற எபாக்ஸிதான் இதற்கு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் ஒட்டுவதற்கு முன் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள். நம்ம ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் சூடேறி இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்குங்கள். கிளாம்ப் நிறைய இல்லையா, பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி நீளவாக்கில் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள், அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும். அக்டோபர் மழை தொடங்கிவிட்டால் ரீப்பரை மொட்டை மாடி ஷெட்டில் போடாமல் வீட்டுக்குள் வையுங்கள், ஈரம் குடித்த மரத்தை ஒட்டிப் பிரயோஜனமில்லை.

ஆறடி நீளம் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் வரும். சணலில் இறுக்கிக் கட்டித் தருகிறார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஜிபே உண்டு, பில் கேட்டால்தான் வரும். என் மதிப்பெண்: மூங்கிலுக்கு ஐந்துக்கு நாலரை, அறுப்புக்கு இரண்டு.