வேலூர்க் கோட்டையும் விரிஞ்சிபுரமும்: ஒரே நாளில் பார்க்க ஏற்ற வரிசை

வேலூர்க் கோட்டையைப் பலர் அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அகழியோரம் ஒரு படம், ஜலகண்டேஸ்வரர் தரிசனம், அவ்வளவுதான். 133 ஏக்கர் கோட்டைக்கு நான்கு மணி நேரமாவது வேண்டும். மீதி நேரத்தை விரிஞ்சிபுரத்துக்குக் கொடுக்கலாம். ஆற்காடு, மேல்பாடி, வள்ளிமலை என்று எல்லாவற்றையும் அதே நாளில் திணித்தால் காரில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

காலையில் முதலில் விரிஞ்சிபுரம் போவதே நல்லது. பெங்களூரு நெடுஞ்சாலையில் சேதுவாலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். 'மதிலழகு' என்று ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்வார்களே, அந்தக் கோயில் மதிலை உள்ளே போகுமுன் வெளியே நின்று பாருங்கள். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலின் வெளிப்பிராகாரத்தில், தெற்குப் பக்கம், மணிகாட்டிக் கல் இருக்கிறது. அரைவட்டமாகக் கோடுகளும் எண்களும் செதுக்கிய கல் அது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் கோடுதான் நேரம். குச்சி சாய்ந்தால் கணக்குத் தவறும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. எட்டு மணி வெயிலில் நிழல் தெளிவாக விழும்.

நிழல் காட்டும் நேரம் கைபேசியோடு ஒத்துப்போகவில்லை என்று கல்லைக் குறை சொல்லாதீர்கள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வேலூர் இருப்பதோ சுமார் 79.1 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்றால் இங்கே சூரியன் 13 நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து பிப்ரவரி நடுவில் கல் ஏறக்குறைய 28 நிமிடம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்திலோ இரண்டு மூன்று நிமிடம் முந்திக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் அந்தக் கல்லின் அருமை புரியும்.

பத்து மணிக்குள் கோட்டைக்குத் திரும்பிவிடுங்கள். பழைய பேருந்து நிலையம் எதிரிலேயே இருக்கிறது. காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அதுதான் வசதி. ஜலகண்டேஸ்வரர் கோயிலை முதலில் முடிக்க வேண்டும், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கோபுர வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். யாளித் தூண்களில் ஒன்றைத் தேர்ந்து அதைச் சுற்றிவந்து பாருங்கள். எல்லாத் தூண்களையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட அது மேல். விதானத்தில் தலைகீழாகத் தொங்கும் கிளிகளைப் பார்க்க டார்ச் வேண்டும். இந்தக் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமலே கிடந்தது; ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து மீண்டும் வைத்தார்கள். அடைமழைக் காலத்தில் அகழி நிரம்பினால் கோயிலுக்குள்ளும் நீர் புகும், 2021இல் அப்படித்தான் ஆனது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உச்சிவெயிலுக்கு அருங்காட்சியகம்தான் புகலிடம். வெள்ளிக்கிழமை விடுமுறை, இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். திப்பு மகால், ஹைதர் மகால் இரண்டையும் வெளியிலிருந்து பார்ப்பதாகவே திட்டமிடுங்கள்.

கோட்டையின் பெரிய குறை 1806ஆம் ஆண்டு வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி பற்றியது. எங்கே என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல அங்கே எதுவும் போதுமானதாக இல்லை. எனவே இதைப் படித்துவிட்டுப் போங்கள். தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தடை, தாடி மழிப்பு ஆகியவற்றால் கொதித்த சிப்பாய்கள் ஜூலை 10 விடியுமுன் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. காலையிலேயே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து, பீரங்கியால் கதவை உடைத்து உள்ளே புகுந்தது. சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கோட்டைக்கு வெளியே மக்கான் பகுதியில் நினைவுத்தூண் இருக்கிறது, அதையும் பார்க்காமல் போகாதீர்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல் கோட்டை மதிலோரம் நடக்கலாம். சித்திரை, வைகாசியில் இந்தக் கருங்கல் சூடு பொழுது சாய்ந்தும் தணியாது. மார்கழி, தை மாதங்களே சரி. திப்பு குடும்பத்துக் கல்லறைகளுக்கும், பாலாற்றங்கரையில் கடைசிக் கண்டி மன்னன் விக்கிரம ராஜசிங்கனின் முத்துமண்டபத்துக்கும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். 1815இல் பதவி இழந்து இங்கே சிறைப்பட்ட அந்த மன்னன் 1832இல் வேலூரிலேயே இறந்தான்.

இரண்டாம் நாள் கிடைத்தால் மேல்பாடி போங்கள். அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. பூட்டியிருந்தால் பக்கத்து வீடுகளில் சாவி பற்றிக் கேளுங்கள். திரும்பும்போது ஆற்காடு டெல்லி கேட்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். 1751இல் ராபர்ட் கிளைவ் 50 நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் இன்று நிற்பது அந்த வாசல்தான்.