டிஎச்சி, சிபிடி: ஒரு செடியின் இரு சேர்மங்கள்

கடற்கரையில் ‘கேரள கஞ்சா’ பிடிபட்ட செய்திகளாலேயே யாழ்ப்பாணத்தவர் பெரிதும் அறிந்த கஞ்சாச் செடியில், பெண் பூக்களை மூடியிருக்கும் பிசின் சுரக்கும் நுண்மயிர்களில்தான் டிஎச்சி (டெட்ராஹைட்ரோகன்னாபினோல்), சிபிடி (கன்னாபிடியோல்) ஆகிய இரு சேர்மங்களும் பெரும்பாலும் உருவாகின்றன. கன்னாபிஜெரோலிக் அமிலம் என்னும் ஒரே மூலப்பொருளை ஒரு நொதியம் டிஎச்சி அமிலமாகவும் இன்னொன்று சிபிடி அமிலமாகவும் மாற்றுகிறது. சூடேறும்போது காபனீரொட்சைட்டு நீங்கி, அவை முறையே டிஎச்சியாகவும் சிபிடியாகவும் ஆகின்றன.

டிஎச்சி, மூளைக் கலங்களில் இத்தகைய சேர்மங்கள் பிணையும் சிபி1 வாங்கிகளைத் தூண்டிப் போதை தருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலைத் தணிக்க அதன் செயற்கை வடிவம் பயன்பட்டாலும், பதற்றமும் சிலருக்கு உளப்பிறழ்வும் வரலாம்.

சிபிடி போதையூட்டாது. கடுமையான இரு வலிப்பு நோய்களுக்கான அதன் மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. ஆகவே, இரண்டில் எது உடல்நலத்துக்கு உகந்தது என்று பார்த்தால் என் சாய்வு சிபிடியின் பக்கமே. ஆயினும் அது ஈரலைப் பாதிக்கலாம், வேறு மருந்துகளோடு முரண்படலாம். நல்ல தூக்கம் தருமென்று சிபிடி எண்ணெய்க் குப்பிகளில் அச்சிடுவதற்கோ அத்தகைய உறுதியான சான்று இல்லை.