உழவர் குடும்பத்தின் வேரைத் தேட ஃபேமிலிசர்ச் போதுமா?

தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர்கள் எடுத்தவுடன் காசு கட்டி எதிலும் சேர வேண்டாம், ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் போதும். 1938 முதல் மைக்ரோஃபிலிம் என்ற சிறு படச்சுருளில் எடுத்து வைத்த தேவாலயப் பதிவேடு, நிலப் பத்திரம், உயில் என்று எல்லாவற்றையும் 2021-இல் டிஜிட்டலாக்கி முடித்துவிட்டார்கள். தேடலில் பெயர் வரவில்லை என்றால் பதிவே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பெயர்களைத் தேடலுக்காக இன்னும் அட்டவணைப்படுத்தாத பதிவேட்டுப் படங்கள் ஏராளம், ஊர் வாரியாகத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். எனக்குப் பிடித்தது 2024-இல் வந்த முழு உரைத் தேடல். அமெரிக்க நிலப் பத்திரங்களில் தொடங்கினார்கள். கையால் எழுதியதையே வாசித்து, எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரராகவோ சாட்சியாகவோ வரும் பெயரைக்கூடப் பிடித்துக் கொடுக்கிறது, உழவர் குடும்பத்துக்கு அதுதானே புதையல்! சில படங்கள் அவர்களுடைய மையத்துக்கு நேரில் போனால்தான் திறக்கும். அப்புறம், அங்குள்ள பொது வம்சமரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மூலப் படத்தைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.