கணினி வைரஸ் பரவலைக் கண்காணிக்கும் சேவைகள்: 20 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஏறத்தாழ 300 கணினிகள் கொண்ட ஒரு வலையமைப்பைப் பராமரிப்பது என் வேலை. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு (கணினியிலிருந்து கணினிக்குத் தானே பரவும் தீங்கு நிரல்) பரவியபோது, திரையில் 60 நொடி எண்ணிக்கை இறங்கி முடிந்ததும் கணினிகள் ஒவ்வொன்றாகத் தாமே அணைந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்தன. இந்தப் புழு எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே வேறெங்காவது தென்பட்டிருக்குமே, அதைப் பார்க்க ஓர் இடம் இல்லையா என்று அன்று தேடத் தொடங்கினேன். அதிலிருந்து தினமும் காலையில் பத்து நிமிடம் பரவல் நிலவரம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் நம்பிப் பயன்படுத்தியவை, நம்பி ஏமாந்தவை, கைவிட்டவை பற்றிய பகிர்வு இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தச் சேவைகள் பொய் சொல்வதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகிறது, எதை எண்ணுகிறது என்பதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் சொல்கிறது.

இவற்றில் மூத்தது வைல்ட்லிஸ்ட். 1993-இல் ஜோ வெல்ஸ் தொடங்கிய இந்தப் பட்டியலில் ஆய்வகத்தில் மட்டும் இருக்கும் வைரஸுக்கு இடமிருக்கவில்லை. பயனர்களின் கணினிகளில் உண்மையிலேயே கண்டதாகக் குறைந்தது இரண்டு பங்கேற்பாளர்களாவது தெரிவித்திருக்க வேண்டியிருந்தது. ஃபிளாப்பி வழியாக மாதக்கணக்கில் நகர்ந்த பூட் வைரஸ்களுக்கும், வேர்டு கோப்புகளுக்குள் ஓடும் சிறு நிரல்களான மேக்ரோக்களில் ஒட்டிக்கொண்ட வைரஸ்களுக்கும் மாதாந்தரப் பட்டியல் போதுமானதாக இருந்தது. நான் பார்க்கத் தொடங்கியபோதே அதன் காலம் சாய்ந்துகொண்டிருந்தது. அதே 2003-இன் ஜனவரி 25 அன்று ஸ்லாம்மர் புழு, தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, தாக்கக்கூடிய சர்வர்களில் 90 விழுக்காட்டைப் பத்து நிமிடத்துக்குள் பிடித்துவிட்டது. அந்த வேகத்துக்கு மாதப் பட்டியலும் உதவாது, என் காலைப் பத்து நிமிடமும் உதவாது. ஆனால் ஸ்லாம்மர் புகுந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஆகவே நிலவரத்தைத் தீயணைப்பு மணியாக நான் கருதுவதில்லை. எந்தக் கதவை முதலில் சாத்த வேண்டும் என்று வரிசைப்படுத்தவே அதைப் பயன்படுத்துகிறேன்.

நான் மிக நீண்ட காலமாகத் திறந்து பார்த்துவருவது இன்டர்நெட் ஸ்டார்ம் சென்டர் நடத்தும் டிஷீல்ட் தரவு. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தங்கள் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் அரண்) பதிவுகளை அனுப்ப, எந்தப் போர்ட்டை (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று அது தொகுத்துத் தருகிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று எண்கள் உண்டு: பதிவுகள், மூல முகவரிகள் (தட்டியவை), இலக்கு முகவரிகள் (தட்டப்பட்டவை). முதல் ஓராண்டு நான் பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, அது எகிறிய நாள்களிலெல்லாம் பதறிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது இரண்டாவது எண் என்பது பிறகுதான் புரிந்தது. பதிவுகள் பத்து மடங்கு பெருகியும் மூல முகவரிகள் அப்படியே இருந்தால், யாரோ ஒருவர் பெரிய அளவில் ஸ்கேன் செய்கிறார் என்று பொருள்; மூல முகவரிகளும் சேர்ந்து பெருகினால்தான், தட்டப்பட்ட கணினிகள் தாமே தட்டத் தொடங்கிவிட்டன, அதாவது புழு ஒன்று ஓடுகிறது என்று பொருள். ஷோடான், சென்சிஸ் போன்ற தேடல் சேவைகள் இணையம் முழுவதையும் ஓயாமல் ஸ்கேன் செய்யத் தொடங்கிய பிறகு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிவிட்டது. அவற்றைக் கழிக்காத வரைபடத்தை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

மூல முகவரிகள் பெருகும் வளைகோட்டிலும் சூட்சுமம் உண்டு. 2001 ஜூலையில் கோட் ரெட் புழுவின் முதல் வடிவம், அடுத்து எந்த முகவரியைத் தட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் சமவாய்ப்பு எண்ணாக்கிக்கு ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்திருந்ததால், பிடிபட்ட ஒவ்வொரு சர்வரும் ஒரே முகவரிப் பட்டியலை ஒரே வரிசையில் தட்டிக்கொண்டிருந்தது, பரவல் நொண்டியது. அந்தத் தவறு திருத்தப்பட்ட வடிவம் 19-ஆம் தேதி வெளிவந்து, 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளைப் பிடித்தது. இரண்டும் புகுந்தது ஒரே ஓட்டை வழியாகத்தான். எனவே முதல் வாரத்து மந்தமான வளைகோட்டைக் காட்டி 'ஆபத்து குறைவு' என்று யாராவது சொன்னால் நான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

பொதுத் தரவோடு கூடவே சொந்தமாக ஒரு ஹனிபாட்டையும் (தாக்குபவர்களை ஈர்க்கவே வைக்கும் பொறிக் கணினி) 2014 முதல் நடத்திவருகிறேன். பழைய கணினி ஒன்று, மற்ற வலையமைப்பிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டு, தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் டெல்நெட் போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் குறித்துக்கொள்ளும். அதற்கு மேல் எதையும் அனுமதிக்காது. முதல் இரண்டாண்டுகள் அதன் பதிவு சலிப்பூட்டக்கூடியதாகவே இருந்தது. 2016 இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை திறந்தால், பக்கம் பக்கமாக 'ரூட்', 'எக்ஸ்சி3511'. அடுத்து 'ரூட்', 'விஐஇசட்எக்ஸ்வி'. மனிதர் யாரும் யோசித்து வைக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் அல்ல இவை. கண்காணிப்புக் கேமராக்களிலும் வீடியோ பதிவுக் கருவிகளிலும் தயாரிப்பாளர்களே பொதித்து அனுப்பியவை. அதுதான் மிராய் புழு. தன்னிடமிருந்த 60-க்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு இணைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வித்தை எதுவும் தேவைப்படவில்லை.

மிராயைக் கண்காணிப்பதில் ஒரு வசதி இருந்தது. அது அனுப்பும் ஸ்கேன் பேக்கெட்டின் (வலையில் செல்லும் தரவுத் துண்டு) வரிசை எண், இலக்கின் ஐபி முகவரியாகவே இருக்கும். சாதாரணமாக அங்கே சமவாய்ப்பு எண்தான் வர வேண்டும். நான் பேக்கெட் பதிவைத் திறந்து, வரிசை எண்ணை நான்கு பைட்டுகளாகப் பிரித்து எழுதிப் பார்த்தபோது, அங்கே என் ஹனிபாட்டின் முகவரியே உட்கார்ந்திருந்ததைக் கண்டு சிறிது நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு கைரேகையால் மற்ற டெல்நெட் இரைச்சலிலிருந்து மிராயை மட்டும் பிரித்து எண்ண முடிந்தது. அதன் மூலநிரல் அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் பொதுவெளியில் விடப்பட்ட பிறகு வந்த வழித்தோன்றல்களில் பல இந்தப் பழக்கத்தை மாற்றவே இல்லை.

ஐபி முகவரிகளின் எண்ணிக்கையைக் கணினிகளின் எண்ணிக்கையாக வாசிப்பது இந்தத் துறையின் தீராத நோய். 2009-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாக ஆய்வாளர்கள் டார்பிக் என்ற பாட்நெட்டைப் (ஒரே எஜமானின் கட்டளைக்கு இயங்கும் தொற்றுண்ட கணினிகளின் கூட்டம்) பத்து நாள்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தபோது, 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் தொடர்பு கொண்டன. ஒவ்வொரு கணினிக்கும் இருந்த தனி அடையாளத்தைக் கொண்டு எண்ணியபோது உண்மையில் இருந்தவை சுமார் 1,82,000 மட்டுமே. இணைப்பு அறுந்து சேரும்போதெல்லாம் முகவரி மாறும் இடங்களில் ஒரு கணினி பத்தாகத் தெரியும். ஒரே முகவரிக்குப் பின்னால் முழு அலுவலகமும் ஒளிந்திருக்கும் இடத்தில் நூறு கணினிகள் ஒன்றாகத் தெரியும். இதைப் படித்த நாளிலிருந்து, எண்ணும் அலகைச் சொல்லாத அறிக்கையை நான் மேற்கோள் காட்டுவதில்லை.

அலகைத் தெளிவாகச் சொன்னவற்றில் மைக்ரோசாஃப்டின் அரையாண்டுப் பாதுகாப்பு அறிக்கையைக் குறிப்பிட வேண்டும். விண்டோஸுடன் மாதந்தோறும் வந்த தீம்பொருள் நீக்கும் கருவி இயங்கிய 1,000 கணினிகளில் எத்தனை சுத்தம் செய்யப்பட்டன என்பதே அதன் முதன்மை அளவாக இருந்தது. பகுதி எண்ணும் தொகுதி எண்ணும் இருந்ததால் ஆண்டுகளை ஒப்பிட முடிந்தது. அதிலும் பொறி உண்டு: 2013-இன் மூன்றாம் காலாண்டில் 5.6 ஆக இருந்த இந்த விகிதம் நான்காம் காலாண்டில் 17.8 ஆக எகிறியது. உலகம் திடீரென நோயுற்றுவிடவில்லை. ராட்ப்ரோ என்ற தீம்பொருளைக் கண்டறியும் திறன் அந்தக் கருவியில் அப்போதுதான் சேர்க்கப்பட்டது, ஏற்கெனவே கணினிகளில் இருந்தவையெல்லாம் ஒரே மாதத்தில் கணக்கில் வந்துவிட்டன. அதை அந்த அறிக்கையே விளக்கியிருந்தது என்பதால்தான் அதன்மீது எனக்கு மதிப்பு கூடியது.

எங்கள் வலையமைப்பில் ஓடிய ஆன்டிவைரஸ் ஒன்றின் மேலாண்மைத் திரைக்கு அத்தகைய நேர்மை இருக்கவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் கண்டறிதல் கோடு செங்குத்தாக ஏறும். மேலதிகாரிகள் இரண்டு முறை கூட்டம் போட்டு, புதன்கிழமை மட்டும் எங்களை யார் தாக்குகிறார்கள் என்று விவாதித்தார்கள். முழு ஸ்கேன் புதன்கிழமை மதியம்தான் ஓடும்படி நான்தான் அமைத்திருந்தேன் என்பது எனக்கே இரண்டாவது கூட்டத்தில்தான் உறைத்தது. அதிலும் பாதி, ஒரே ஒருவரின் பேக்கப் கோப்புறையில் கிடந்த ஒரு பழைய கோப்பு. நீக்க அனுமதி இல்லாததால் அதே கோப்பு வாரந்தோறும் புதிய சம்பவமாக எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. கண்டறிதல் வேறு, தொற்று வேறு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனை சேவைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஷேடோசர்வர் அறக்கட்டளையின் தினசரி அறிக்கையைத்தான் வைத்துக்கொள்வேன். உங்கள் ஐபி முகவரித் தொகுதி உங்களுடையதுதான் என்று நிரூபித்துப் பதிவு செய்துகொண்டால், அதிலிருந்து வெளியில் தென்பட்ட தொற்றுகளை இலவசமாக அனுப்பிவைக்கிறார்கள். 2012-இல் ஒருநாள் வந்த அறிக்கையில் எங்கள் முகவரிக்கு எதிரே கான்ஃபிக்கர் என்று இரண்டு வரிகள் இருந்தன. அந்தப் புழு தன் எஜமானைத் தேடி நாள்தோறும் புதிய டொமைன் பெயர்களை உருவாக்கும். முதல் வடிவங்கள் 250, பின்னர் வந்த வடிவம் 50,000. அவற்றில் பலவற்றைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் முன்கூட்டியே பதிவு செய்து, வருகிற தொடர்புகளைக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பொறியில்தான் எங்கள் கணினி சிக்கியிருந்தது.

எந்தக் கணினி என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அறிக்கையின் நேரம் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருந்ததையும், எங்கள் ரவுட்டர் பதிவு உள்ளூர் நேரத்தில் இருந்ததையும் நான் கவனிக்கவில்லை. தவறான நேரத்தில் தேடி, ஒரு பாவமும் அறியாத கணக்குப் பிரிவுக் கணினியைப் பிரித்துப் போட்டுவிட்டேன். பிறகு நேரத்தையும் மூலப் போர்ட்டையும் சேர்த்துப் பொருத்தியபோது, அளவைக் கருவி ஒன்றோடு வந்து, பேட்ச் எதுவும் போடாமல் மூலையில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி அகப்பட்டது. சுத்தம் செய்தேன், நான்கு நாளில் மீண்டும் அறிக்கையில் வந்தது. மறுபடியும் சுத்தம் செய்தேன், மறுபடியும் வந்தது. அளவீடுகளை எடுத்துச் செல்லப் பயன்பட்ட பென் டிரைவில், செருகியதும் தானே இயங்கும் ஆட்டோரன் கோப்பாக அது குடியிருந்ததை மூன்றாவது முறைதான் கண்டேன். உலக வரைபடம் எதுவும் இந்தப் பென் டிரைவைக் காட்டியிருக்காது.

மின்னஞ்சல் வழிப் பரவல் இந்த ஃபயர்வால் தரவுகளில் தெரியவே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் வந்த எமோடெட் என்ற தீம்பொருளின் அலைகளை நான் பின்தொடர்ந்தது அப்யூஸ்.சிஹெச் தளம் வெளியிடும் கட்டுப்பாட்டு சர்வர் பட்டியல்கள் வழியாகவும், எங்கள் மெயில் வடிகட்டியின் பதிவுகள் வழியாகவும்தான். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் கட்டமைப்பைக் கைப்பற்றியதும் பட்டியல் ஓய்ந்தது. நவம்பரில் மீண்டும் உயிர்பெற்றது. 2022-இல் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கிய பின், எங்கள் வடிகட்டியில் சிக்கும் இணைப்புகள் ஐஎஸ்ஓ கோப்புகளாகவும் ஷார்ட்கட் கோப்புகளாகவும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்நோட் கோப்புகளாகவும் மாறின.

வண்ண வண்ணக் கோடுகள் பறக்கும் நேரலை வரைபடங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. வரவேற்பறைத் திரைக்கு ஏற்றவை. பெயர்க் குழப்பம்தான் உண்மையான தொல்லை. கான்ஃபிக்கரை ஒருவர் டவுனடப் என்பார், இன்னொருவர் கிடோ என்பார்; மூன்று அறிக்கைகளை ஒரே அட்டவணையில் சேர்க்க முயன்றால் ஒரே புழு மூன்று வரிசைகளில் நிற்கும். நான் இதற்காகவே ஒரு பெயர்ப் பொருத்த அட்டவணையைக் கையால் பராமரித்துவந்தேன். 'ஜெனரிக்' (பொதுவகை) என்று முடியும் பெயர்கள் பெருகிய பிறகு அதைக் கைவிட்டேன்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் விஷயத்தில் எண்ணிக்கையே பயனற்றுப்போகிறது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை ஒரு புழு. போர்ட் 445-இன் மூல முகவரிகளில் அதைப் பார்க்க முடிந்தது, ஒரு குறிப்பிட்ட டொமைன் பதிவு செய்யப்பட்டதும் அதன் கை கட்டப்பட்டதையும் பார்க்க முடிந்தது. இப்போது நடப்பவற்றில் பெரும்பாலானவை, திருடிய பாஸ்வேர்டோடு ஒரு மனிதர் உள்ளே நுழைந்து, நாள்கணக்கில் உலாவி, கடைசியில் பூட்டுவது. எந்தப் போர்ட்டின் கோடும் அதற்கு ஏறுவதில்லை. அதனால் காலைப் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடத்தை ஷேடோசர்வர் அறிக்கைக்கும், எங்கள் உள்நுழைவுப் பதிவுகளுக்கும் ஒதுக்கிவிட்டேன். டிஷீல்டுக்கு இரண்டு நிமிடம். மிச்சமுள்ள ஒரு நிமிடம் ஹனிபாட்டுக்கு. அங்கே 'எக்ஸ்சி3511' இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.