பைத்தானில் பின்னோக்கி ஓடும் லூப்புகள்: 7 வருட அனுபவம்

மதுரையில் ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். 7 வருடமாகப் பைத்தான் என்ற கணினி மொழியில்தான். லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி. லூப்புக்குள் லூப் வைத்து, இரண்டையும் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டும் தேவை இந்த வேலையில் அடிக்கடி வரும். இவ்வளவு நாள் பழகியதில் கண்டதைச் சொல்கிறேன்.

எனக்கு அந்தத் தேவை முதலில் வந்தது ஒரு தீபாவளி சமயத்தில். வெளி லூப் ஒவ்வொரு பில்லாக எடுக்கும். உள் லூப் அந்த பில்லில் ரத்தான வரிகளை, அதாவது வேண்டாமென்ற பொருள் எழுதிய லைன்களை, நீக்கும். முன்னாலிருந்து போகும்படிதான் எழுதியிருந்தேன். ஒருவர் அடுத்தடுத்து எழுதிய இரண்டு சேலைகளையும் வேண்டாம் என்றுவிட்டார். முதல் சேலை பில்லிலிருந்து போனது, இரண்டாவது அப்படியே நின்றது, மொத்தத் தொகை இடித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ராத்திரி ஆகிவிட்டது. 3ஆம் இடத்து வரியை நீக்கியதும் 4ஆம் இடத்தில் இருந்தது 3க்கு நகர்ந்துவிடும். லூப்போ 4க்குப் போய்விடும். கடைசி வரியிலிருந்து மேலே வந்தால் இந்தச் சிக்கல் இல்லை, நகர்வதெல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்த வரிகள்தான். எல்லா வரியும் போய்க் காலியான பில்லையும் நீக்க வேண்டியிருந்ததால், வெளி லூப்பையும் அதே மாதிரி திருப்பினேன். அந்த இடத்தில் அதற்கப்புறம் பிழை வந்ததில்லை.

திருப்புவதற்கு அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி, வரிசையாக எண்களைத் தரும் ரேஞ்ச்சுக்கு மூன்று எண் கொடுப்பது: தொடக்கம், நிற்கும் இடம், படி (ஒவ்வொரு தடவையும் கூட்டும் எண்). நிற்கும் இடத்து எண் கணக்கில் சேராது. 10, 0, -1 என்றால் 10இல் தொடங்கி 1இல் முடியும். ஆனால் பைத்தான் இடங்களை 0இலிருந்து எண்ணுவதால், 10 வரி உள்ள பட்டியலுக்கு இடங்கள் 9 முதல் 0 வரை. அதனால் 9, -1, -1 என்று எழுத வேண்டும். முதல் -1 நிற்கும் இடம், இரண்டாவது படி. நடுவில் 0 போட்டுவிட்டால் பில்லின் முதல் வரி மட்டும் விடுபடும். முதல் வருடம் இதைப் பல தடவை தேடியிருக்கிறேன்.

படியை மறந்து 10, 0 என்று விட்டாலோ பைத்தான் ஒன்றுமே சொல்லாது. லூப் ஒருமுறைகூட ஓடாமல் புரோகிராமின் அடுத்த வரிக்குப் போய்விடும். உள் லூப்பில் இப்படி நடந்தால், வெளி லூப் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருப்பதால் சந்தேகமும் வராது. பைத்தானில் எனக்கு இது பெரிய குறை. சி மொழியில் தொந்தரவு வேறு மாதிரி: 32 பிட் குறியில்லா (மைனஸ் ஏற்காத) எண்ணை 0க்குக் கீழே இறக்கினால் அது 4294967295க்குத் தாவிவிடும், லூப் நிற்காது. அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம்.

அதனால் கொஞ்ச வருடங்களாக, வரிசையைப் பின்னோக்கித் தரும் ரிவர்ஸ்டு பக்கம் வந்துவிட்டேன். ரேஞ்ச்சுக்கு 10 மட்டும் கொடுத்து, அதை ரிவர்ஸ்டுக்குள் போட்டால் 9 முதல் 0 வரை தானாக வரும். பைத்தான் 2.4இலேயே வந்த வசதி. பட்டியலை நகலெடுக்காது, பெரிய ஸ்டாக் பட்டியலுக்கும் பாரமில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் ஒரு பார்வையில் புரிகிறது.

ஆனால் லூப்புக்குள் லூப் என்று வரும்போது இதிலும் ஒரு குழி இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகனுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று மீனாட்சி கோயில் வீதிகள் உள்ளிருந்து வெளியே ஒரு பட்டியல். கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று தேர் சுற்றும் வரிசையில் திசைகள் இன்னொன்று. இரண்டையும் பின்னோக்கி ஓட்டி, வெளி வீதியிலிருந்து கோயிலுக்குள் வரவேண்டும். மொத்தம் 20 பெயர்.

"சித்தப்பா, வெளி வீதி நாலும் வருது. மாசி வீதியிலருந்து ஒண்ணுமே வரல. எர்ரரும் இல்ல."

"திசைய எந்த எடத்துலடா திருப்புன?"

"ரெண்டு லூப்புக்கும் மேலயே. ஒரே தடவ திருப்பி ஒரு பேர்ல வச்சுக்கிட்டேன் சித்தப்பா."

அங்கேதான் வினை. ரிவர்ஸ்டு தருவது ஒருமுறை மட்டும் நடந்து முடிக்கக்கூடிய வரிசை. வெளி லூப்பின் முதல் சுற்றிலேயே உள் லூப் அதைத் தீர்த்துவிடும். மாசி வீதிக்கு வரும்போது எடுக்க எதுவும் மீதமில்லை. இறங்கும் ரேஞ்ச்சை இப்படிப் பெயரில் வைத்துக்கொண்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடும். அதனால்தான் பழைய முறைக்குப் பழகியவர்களும் இதில் மாட்டுகிறார்கள். ரிவர்ஸ்டை உள் லூப்பின் வரியிலேயே எழுதச் சொன்னேன். சுற்றுக்குச் சுற்று புதிதாகத் திரும்பி 20 பெயரும் வந்தன, கடைசியில் கீழ ஆடி வீதி.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அதன் எண்ணோடு தரும் எனுமரேட்டை நேராக ரிவர்ஸ்டுக்குள் போட முடியாது. உடனே டைப் எர்ரர் வந்துவிடும், சரி, அது பரவாயில்லை.

இப்போது, உள் லூப் வெளி லூப்பின் எண்ணிலிருந்து தொடங்கி இறங்க வேண்டிய இடத்தில் மட்டும் மூன்று எண் ரேஞ்ச் எழுதுகிறேன், மற்றதெல்லாம் ரிவர்ஸ்டுதான். எதுவானாலும் கடைக்குக் கொடுக்கும் முன் 3 பில், பில்லுக்கு 3 வரி வைத்து இரண்டு லூப்பின் எண்களையும் அச்சிட்டுப் பார்க்கிறேன். 2, 2இல் தொடங்கி 0, 0இல் முடியவேண்டும், மொத்தம் 9 ஜோடி; உள் லூப் வெளி லூப்பின் எண்ணிலிருந்து இறங்கினால் 6.