ஸ்பிரிங் கேமா, பயிற்சி நாட்களா: புது கோச்சை எதை வைத்து எடை போடுவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வசந்த காலப் பயிற்சிக்குக் கிடைப்பது 15 நாட்கள். பல அணிகளில் முடிவில் ரசிகர்களுக்கென ஒரு ஸ்பிரிங் கேம்.

கண்ணுக்கு விருந்து அதுதான். ஆனால் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து மோதுகிறது. ரிசீவர் நீளமான பாஸைப் பிடித்தால் அது அவர் திறமையா, அவரைத் தடுக்க நின்ற கார்னர்பேக்கின் சொதப்பலா? சொல்ல முடியாது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் தொட்டாலே விசில். அதனால் அவரைக் காக்கும் ஐவர் வரிசையான லைன் ஓட்டையாக இருந்தாலும் உறுதியாகத் தெரியும். 2023 ஏப்ரலில் புது கோச் டியான் சாண்டர்ஸின் முதல் ஸ்பிரிங் கேமுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 47,277 பேர் திரண்டார்கள். சீசனில் 4 வெற்றி, 8 தோல்வி. குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 52 முறை சாய்க்கப்பட்டார்.

பயிற்சி நாட்களில் ஸ்கோர் கிடையாது, விஷயம் உண்டு. பந்தை விடுங்கள், லைனைப் பாருங்கள். முதல் ஐவர் தினமும் மாறுகிறார்களா? தடுப்பவரின் கை எதிராளியின் நெஞ்சில் பதிகிறதா, தோளுக்கு வெளியே வழுக்குகிறதா? வழுக்கினால் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுப்பது) பெனால்ட்டிக்கு வாய்ப்பு அதிகம். இரண்டாவது வாரத்திலும் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் கணம்) முன்பே யாராவது அசைந்தால், புது கோச்சின் சைகைகள் இன்னும் மண்டையில் ஏறவில்லை.

சிக்கல், பல கோச்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். திறந்திருக்கும் அரை மணி நேரம் பெரும்பாலும் வார்ம்-அப்தான். அப்போதும் என் ஓட்டு பயிற்சிக்கே.